தண்ணீர் ஊற்றுவதும் ஒரு பாடமா?

மழலையர் வகுப்பறை: வாசகர் கேள்வி பதில்

குழந்தை தானே தேர்ந்தெடுத்துக் கற்கும் மாண்டிசோரி வகுப்பறையைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். பணம் கட்டுகிறோமே, அங்கே என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்ற பெற்றோரின் கவலையும், இத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதெல்லாம் நடக்குமா என்ற ஆசிரியர்களின் கவலையும்தான் கடிதங்களில் அதிகம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

மகளுக்கு 3 வயது 4 மாதம். மாண்டிசோரி முறை என்று போர்டு வைத்த பள்ளியில் சேர்த்திருக்கிறோம். ஒரு மாதமாக, "இன்னைக்கு என்னடா பண்ணின?" என்று கேட்டால் "தண்ணி ஊத்தினேன்" என்கிறாள். நோட்டும் இல்லை, வீட்டுப்பாடமும் இல்லை. இதற்கா இவ்வளவு ஃபீஸ் என்று மாமியார் கேட்கிறார். என்ன பதில் சொல்வது?
– ஓர் அம்மா, திருப்பூர்

மாமியாரைச் சமையலறைக்கு அழைத்துப்போய், உங்கள் மகளிடம் ஒரு சின்னச் செம்பில் தண்ணீரும் ஒரு டம்ளரும் கொடுத்துப் பாருங்கள். ஒரு மாதம் ஒழுங்காகச் செய்த குழந்தை என்றால் அவர்களே பதிலைப் பார்த்துவிடுவார்கள்.

வகுப்பில் இது நடக்கும் விதம் இப்படி: ஒரு தட்டில் ஒரே அளவுள்ள, மூக்கு வைத்த இரண்டு சின்ன ஜாடிகள். ஒவ்வொன்றும் 150 மில்லி பிடிக்கும். ஒன்றில் 100 மில்லி தண்ணீர், மற்றது காலி. பக்கத்தில் கையகலப் பஞ்சுத் துண்டு அல்லது துணி. ஆசிரியர் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமல், ஒரே ஒரு முறை செய்துகாட்டுவார். பிடியில் வலது கை. மூக்குக்குக் கீழே இடது கையின் இரண்டு விரல் முட்டு. ஜாடியைத் தூக்கி, காலி ஜாடியின் நடுவுக்கு நேராக மூக்கைக் கொண்டுவந்து, நின்று, பிறகு மெதுவாகச் சாய்ப்பார். கடைசிச் சொட்டு விழும்வரை காத்திருப்பார். மூக்கின் நுனியில் தொங்கும் துளியைத் துணியால் தொட்டு எடுப்பார். பிறகு தட்டைப் பார்ப்பார், சிந்தியிருந்தால் துடைப்பார். அவ்வளவுதான். அடுத்து ஜாடி குழந்தையின் கைக்குப் போகும்.

இதில் பாடம் எங்கே என்றால், அந்தக் கடைசிச் சொட்டில். ஓடியாடும் மூன்று வயதுக் குழந்தை ஒரு சொட்டுக்காகக் கையை அசைக்காமல் காத்திருக்கிறது. மணிக்கட்டு மெல்லத் திரும்பப் பழகுகிறது; பின்னாளில் பென்சில் பிடிக்கப்போவதும் இதே கைதான். எதற்குப் பிறகு எது என்ற வரிசை மனதில் உட்காருகிறது. நிறைய, பாதி, காலி என்ற சொற்களுக்குக் கண்ணெதிரே பொருள் கிடைக்கிறது. சிந்தினால் யாரும் சொல்ல வேண்டியதில்லை, தட்டே சொல்லிவிடும். தப்பைத் தானே கண்டு தானே துடைத்துவிட்டு மறுபடி ஊற்றும் குழந்தைக்கு, திட்டுக்குப் பயந்து கையை இழுத்துக்கொள்ளும் பழக்கம் வராது.

இதற்குப் படிகள் உண்டு. முதலில் தண்ணீரே கிடையாது. ராஜ்மா போன்ற பெரிய பருப்பு, அடுத்து அரிசி, அதன் பிறகே தண்ணீர். கேழ்வரகு வேண்டாம், கீழே விழுந்தால் உருண்டு ஓடும், பொறுக்கி மாளாது, குழந்தை சலித்துவிடும். சம அளவு ஜாடிகளில் கை தேறியபின், ஒரு ஜாடியிலிருந்து இரண்டு டம்ளருக்கு, அதுவும் ஒட்டிய கோடுவரை. பிறகு புனல் வைத்துப் பாட்டிலுக்கு. கடைசியில், மதியம் சாப்பிடும்போது கூட இருக்கும் பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் ஊற்றித் தருவது. உங்கள் மகள் எந்தப் படியில் இருக்கிறாள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். சட்டென்று பதில் வந்தால் அங்கே வேலை நடக்கிறது. ஒரு மாதமாகியும் அதே இரண்டு ஜாடி என்றால், ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. குழந்தை விரும்பித் திரும்பத் திரும்ப எடுப்பது ஒன்று. எடுக்க வேறு எதுவும் இல்லாததால் எடுப்பது வேறு.

வீட்டில் செய்ய நினைத்தால் ஒரு எச்சரிக்கை. நம் டம்ளருக்கு மடித்த விளிம்பு இருப்பதால், சாய்த்தால் தண்ணீர் வெளிப்பக்கமாகவே வழியும். பெரியவர்களுக்கே அதில் ஊற்றுவது சிரமம். மூக்குள்ள பாத்திரம் தேடுங்கள். மிகச் சிறிய கைக்கு, மருந்து புகட்டும் பாலாடை அருமையாகப் பொருந்தும். கழுத்துவரை நிரப்பாதீர்கள், சிந்துவதற்குப் பெரும்பாலும் கனம்தான் காரணம், கவனக்குறைவு இல்லை. தரையில் பழைய துண்டு விரித்துவிடுங்கள், வழுக்காது.

போர்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாண்டிசோரி என்ற பெயருக்கு வணிக உரிமை யாரிடமும் இல்லை. யார் வேண்டுமானாலும் மாட்டலாம். அனுமதி வாங்கி, வகுப்பின் ஓரத்தில் 20 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். பொருள்கள் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றனவா, கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருக்கிறார்களா? குழந்தை தானே போய் எடுக்கிறதா, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பொருளைக் கொடுக்கிறார்களா? 3 முதல் 6 வயதுவரை ஒரே அறையில் கலந்திருக்கிறார்களா? அந்த 20 நிமிடமே உங்களுக்குப் பதில் சொல்லிவிடும்.

அங்கன்வாடிப் பணியாளர் நான். பதிவில் 22 பிள்ளைகள், 2 வயது முதல் 5 வயதுவரை. ஒரே அறை. உதவியாளர் காலையில் அடுப்படியில் இருப்பார். எடை, உயரம், போஷன் டிராக்கர் செயலியில் பதிவு என்று எனக்கும் வேலை உண்டு. "குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும்" என்று பயிற்சியில் சொல்கிறார்கள். பொம்மைப் பெட்டியைத் திறந்துவிட்டால் பத்தே நிமிடத்தில் அறை சந்தைக்கடை ஆகிவிடுகிறது. என்ன தவறு செய்கிறேன்?
– விழுப்புரம் மாவட்டம்

தவறு உங்களிடம் இல்லை அம்மா, பெட்டியில் இருக்கிறது. எல்லாம் கலந்து கிடக்கும் பெட்டிக்குள் குழந்தை தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை, கொட்டத்தான் முடியும். நான்கு சக்கரமில்லாத கார், பாதிப் புதிர் அட்டை, தலையில்லாத பொம்மை. இவற்றை வைத்துத் தொடங்கி முடிக்கும்படியாக ஒரு வேலையும் கிடையாது.

பெட்டியைத் தட்டுகளாகப் பிரியுங்கள். ஒரு தட்டு, ஒரு வேலை. அதற்கு வேண்டியது எல்லாம் அந்தத் தட்டிலேயே. எளிதில் கிடைப்பதை வைத்தே தொடங்கலாம்:

துணிக் கிளிப் 10, ஓரம் கடினமான ஒரு அட்டை. கிளிப்பை அமுக்கி அட்டையின் விளிம்பில் வரிசையாக மாட்டி, பிறகு கழற்றுவது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இதைவிட நல்ல பயிற்சி இல்லை. புது கிளிப்பின் ஸ்பிரிங் சிறு கைக்கு விறைப்பாக இருக்கும், பழையதே நல்லது.

மூடியோடு 5 பாட்டில், டப்பா. மூடிகள் தனியே ஒரு கிண்ணத்தில். எந்த மூடி எதற்கு என்று பார்த்துத் திருகி மூடுவது.

தையல்காரரிடம் கேட்டால் காலி நூல்கண்டு உருளை கொடுப்பார். 12 உருளை, ஒரு ஷூ கயிறு. கயிற்றின் ஒரு முனையில் பெரிய முடிச்சு. மறுமுனை பிரிந்திருந்தால் டேப் சுற்றி விறைப்பாக்குங்கள். முனை தொளதொளவென்றிருந்தால் கோர்க்க வராமல் குழந்தை அழும், நாம் குழந்தைக்குப் பொறுமை இல்லை என்று நினைத்துக்கொள்வோம்.

பழைய சட்டையின் முன்பக்கத்தை வெட்டி, 30 செ.மீ. சதுர மரச்சட்டத்தில் இரு பக்கமும் ஆணியடித்தால் பட்டன் சட்டம் தயார். பட்டன் பெரியதாக, 5 போதும். பட்டன் ஓட்டையைச் சற்றே பெரிதாக்கித் தைத்துவிடுங்கள்.

நடுவில் வண்ண நூலால் கோடு தைத்த கைக்குட்டைகள். கோட்டின் மேல் மடிப்பது. ஒன்றில் நேர்க்கோடு, ஒன்றில் மூலைக்கு மூலை.

இரண்டு கிண்ணம், ஒரு கரண்டி, புளியங்கொட்டை. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றுவது. இது 3 வயது முடிந்த பிள்ளைகளுக்கு மட்டும்.

முதல் நாளே எல்லாவற்றையும் வைக்காதீர்கள். பலருக்கு இது தோற்றுப்போகும் இடம் இதுதான். முதல் வாரம் முழுக்கப் பொருளே வேண்டாம். பாயை விரிப்பது, சுருட்டுவது, பிறர் பாயை மிதிக்காமல் சுற்றி நடப்பது, காலித் தட்டை இரண்டு கையாலும் தூக்கிவந்து திரும்ப வைப்பது. இதையே விளையாட்டாகச் செய்யுங்கள். பழைய கோரைப்பாயை 60 செ.மீ.க்கு 90 செ.மீ. துண்டுகளாக வெட்டி ஓரம் தைத்தால் ஆளுக்கொரு பாய் ஆகும். பாய்தான் எல்லை. பாயின்மேல் இருப்பது அந்தக் குழந்தையின் வேலை, முடிக்கும்வரை யாரும் தொடக்கூடாது. சண்டையில் பாதி இந்த ஒரு வழக்கத்திலேயே அடங்கிவிடும்.

இரண்டாம் வாரம் மூன்று தட்டு, மூத்த பிள்ளைகள் ஐந்தாறு பேருக்கு மட்டும். மற்றவர்கள் கட்டை, மணல், பாட்டு என்று இருக்கட்டும். இந்த ஐந்தாறு பேர் பழகிவிட்டால், சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது நீங்கள் இல்லை, அவர்கள்தான். வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். பணம் வாங்கும் பள்ளிகள் வலிந்து ஏற்படுத்துகிற அந்த ஏற்பாடு உங்களிடம் தானாகவே இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு தட்டு என்று கூட்டிக்கொண்டே போனால் இரண்டு மாதத்தில் 15 தாண்டிவிடும்.

அலமாரியின் மேல்தட்டு தரையிலிருந்து 70 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. செங்கல் அடுக்கி மேலே பலகை வைத்தால் போதும், பலகை ஆடாமல் பாருங்கள். தட்டு வைக்கும் இடத்தில் சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டு உள்ளே அந்தப் பொருளின் படம் வரைந்துவிட்டால், படிக்கத் தெரியாத பிள்ளையும் சரியான இடத்தில் வைக்கும். தினமும் மாலை பூட்டும் முன் எண்ணுங்கள். 10 கிளிப்பில் 8 தான் இருக்கிறதென்றால், மறுநாள் காலை அந்தத் தட்டு அலமாரியில் இருக்கக்கூடாது. குறையுள்ள தட்டை மூன்று நாள் விட்டால் பிள்ளைகள் எல்லாத் தட்டையும் பெட்டிபோல நடத்த ஆரம்பித்துவிடுவார்கள்.

2 வயதுப் பிள்ளைகளுக்குத் தனி மூலை. போட்டு எடுக்கக் கூடை, தள்ள வண்டி, பெரிய கட்டை. அவர்கள் பாயில் உட்கார மாட்டார்கள், உட்கார வேண்டியதும் இல்லை.

பதிவு வேலையைப் பற்றி: பிள்ளைகள் தட்டில் மூழ்கியிருக்கும் நேரத்தில் போனை எடுக்கத் தோன்றும். முதல் இரண்டு மாதம் மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள். தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு 40 பக்க நோட்டில் தினம் மூன்று பேரைப் பற்றி மட்டும் ஒவ்வொரு வரி: யார், எந்தத் தட்டு, எவ்வளவு நேரம், எங்கே நின்றது. எட்டு நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும். எந்தத் தட்டை எடுத்துவிட வேண்டும், யாருக்கு எது அடுத்தது என்பதெல்லாம் அந்த நோட்டில் தானே வந்து நிற்கும். அங்கன்வாடிகளுக்கான 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டமும் விளையாட்டை நம்பித்தான் இருக்கிறது. இந்தத் தட்டுகள் அதற்குத் துணைதான்.

குழந்தை இஷ்டத்துக்கு விட்டால் அடங்காமல் போய்விடாதா?
– ஓர் அப்பா, கரூர்

இஷ்டத்துக்கு விடுவது வேறு, தேர்ந்தெடுக்க விடுவது வேறு. அலமாரியில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது பெரியவர். எப்படிச் செய்வது என்று காட்டியிருப்பதும் பெரியவர். காட்டாத பொருளைக் குழந்தை எடுக்க முடியாது. காட்டியவற்றில் எதை, எவ்வளவு நேரம், எத்தனை முறை என்பது மட்டுமே குழந்தையின் கையில். தன்னையோ பிறரையோ நோகடித்தால், பொருளை உடைத்தால், அந்த நொடியே ஆசிரியர் எழுந்து வந்து கையைப் பிடித்து நிறுத்துவார், குரலை உயர்த்தாமல். நல்ல மாண்டிசோரி வகுப்பு சாதாரண எல்.கே.ஜி.யைவிட அமைதியாக இருக்கும். அந்த அமைதி "வாயில் விரல் வை" என்று சொல்லி வந்தது இல்லை.

பேரனுக்கு மூன்றரை வயது. பள்ளியில் தினமும் ஒரு பக்கம் 'அ' எழுதிவரச் சொல்கிறார்கள். பென்சிலை முஷ்டியில் பிடிக்கிறான், இரண்டு வரியில் கை வலிக்கிறது என்று அழுகிறான். நாங்கள் எல்லாம் அப்படித்தானே படித்தோம்? எழுத்தை எந்த வயதில் தொடங்குவது சரி?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

ஐயா, உங்களுக்கு முந்திய தலைமுறைகள் அப்படிப் படிக்கவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் குழந்தை முதலில் எழுதியது மணலில், விரலால், வாயால் சொல்லிக்கொண்டே. விஜயதசமியன்று தாம்பாளத்து அரிசியில் விரல் பிடித்து எழுதவைப்பதும் அதே வழிதான். ஓலையும் எழுத்தாணியும் பிறகுதான் வந்தன. விரல் முதலில் பாதையைக் கற்கட்டும், கருவி பிறகு வரட்டும் என்ற அந்த அறிவை விட்டுவிட்டு, மூன்று வயதில் பென்சிலைக் கொடுத்துவிட்டோம். 1939-இல் இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அடையாறு பிரம்மஞான சபைக்குப் பயிற்சி நடத்த வந்தபோது கொண்டுவந்த சொரசொரப்பு எழுத்து அட்டையும் விரலால் தடவிக் கற்பதுதான்.

மூன்று விரலால் பென்சில் பிடிக்கும் பிடி பெரும்பாலான குழந்தைகளுக்கு 4 வயதுக்கு மேல்தான் நிலைக்கும். முஷ்டிப் பிடி உங்கள் பேரனின் வயதுக்கு இயல்பு. அதோடு 'அ' மிகக் கடினமான எழுத்து. சுழித்து, வளைத்து, குறுக்கே கோடிழுத்து, மேலிருந்து கீழே இறக்கி முடிக்க வேண்டும். அகரவரிசையில் அது முதல் என்பதால் கைக்கும் அதுவே முதல் ஆகிவிடாது.

கைக்கு எளிது ட. மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்படியே வலப்பக்கம் ஒரு கோடு. அதையே மேலே ஏற்றினால் ப. இன்னும் சற்று வளைத்து முடித்தால் ம. இந்த மூன்றோடு புள்ளியையும் தெரிந்துகொண்ட குழந்தை படம், பட்டம், மடம், மட்டம் என்று நான்கு சொல்லை வாசித்துவிடும். 'அ' வில் தொடங்கி வரிசையாகப் போகிற பிள்ளை 12 உயிரும் எழுதி முடித்தாலும், ஆ, ஈ, ஏ மாதிரி ஓரெழுத்துச் சொற்களைத் தாண்டி வாசிக்க எதுவும் இருக்காது.

அட்டையை நீங்களே செய்யலாம். 12 செ.மீ. சதுரத்தில் தடித்த அட்டை. ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் 120 அல்லது 150 நம்பர் கேளுங்கள். 60, 80 என்றால் விரல் எரியும், 400 என்றால் சொரசொரப்பே தெரியாது. எழுத்து 8 செ.மீ. உயரம், கோடு 1 செ.மீ. அகலம், அதாவது ஒரு விரலகலம். இங்கே எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று: உப்புத்தாளின் பின்பக்கத்தில் வரைந்து வெட்டினால் திருப்பும்போது எழுத்து இடவலம் மாறிவிடும். ட இடவலம் மாறிப்போன பிறகுதான் தெரியும், தாள் வீண். பின்பக்கத்தில் கண்ணாடியில் தெரிகிற மாதிரி வரையுங்கள், அல்லது முன்பக்கத்தில் சாக்பீஸால் வரைந்து வெட்டுங்கள். உயிருக்கு ஒரு நிற அட்டை, மற்றவற்றுக்கு வேறு நிறம். தொடங்கும் இடத்தில் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு.

குழந்தையின் பக்கத்தில் உட்காருங்கள். எதிரே உட்கார்ந்தால் எழுத்து உங்களுக்குத் தலைகீழ். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து, எழுதும் திசையிலேயே, மெதுவாகத் தடவி, முடிக்கும்போது ஒலியைச் சொல்லுங்கள். பிறகு அவன் செய்யட்டும். ஒரு தடவைக்கு இரண்டு எழுத்து போதும். ட-வும் ப-வும் ஒரே நாளில் வேண்டாம், வடிவம் நெருக்கம். முதலில் ட, ம; ஓரிரு நாள் கழித்து ப. அதுபோல ந, ன, ண மூன்றையோ, ல, ள, ழ மூன்றையோ ஒன்றாகக் கொண்டுவரக்கூடாது. ஒன்று நன்றாகப் பதிந்து வாரக்கணக்கில் ஆனபின் அடுத்தது. 'படம்' என்பதில் வரும் ட-வும் 'பட்டம்' என்பதில் வரும் ட-வும் ஒலியில் வேறு. அதை விளக்கப்போக வேண்டாம், சொற்களே அதைப் பழக்கிவிடும்.

சொல்லிக்கொடுப்பது மூன்று படி. "இது ம, இது ட." இது முதல் படி. "ம எங்கே? எடுத்துத் தா. ட-வை என் மடியில் வை." இரண்டாம் படி, இதிலேயே நிறைய நேரம் விளையாடலாம், குழந்தைகளுக்கு இது மிகவும் பிடிக்கும். கடைசியாக ஒன்றைக் காட்டி, "இது என்ன?" மூன்றாம் படியில் தவறாகச் சொன்னால் "இல்லை, தப்பு" என்று திருத்தாமல், அட்டையை எடுத்துவைத்துவிட்டு மறுநாள் முதல் படிக்கே போய்விடுங்கள். கேள்வியை நாம் சீக்கிரம் கேட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

அட்டைக்கும் முன்னால் காது. "எனக்கு ஒண்ணு தெரியுது, ம-வில் தொடங்குது" என்று சுற்றிலும் பார்க்கச் சொல்லுங்கள். மணி, மரம், மஞ்சப்பை. ஒலியைப் பிரித்துக் கேட்கத் தெரியாத குழந்தைக்கு எழுத்தைக் காட்டுவதில் பயனில்லை.

தினம் ஒரு பக்கம் என்பதற்கு என்ன செய்வது? வகுப்பாசிரியரைப் பாருங்கள். ஒரு ஆசிரியராக உங்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்கும். பக்கத்துக்குப் பதில் தரையில் சாக்பீஸால் பெரிதாக மூன்று முறை எழுதினால் போதுமா என்று கேளுங்கள். சிலேட்டும் நல்லதே. அவன் பலப்பத்தைத் தின்கிறான் என்றால் அதை அதட்டி நிறுத்திவிட்டு மறந்துவிடாதீர்கள்; இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

வகுப்பில் ஒரு பையன் இளஞ்சிவப்புக் கோபுரத்தின் (ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் கனசதுரக் கட்டைகள்) கட்டைகளைக் காராக ஓட்டுகிறான். இன்னொரு பெண் பத்து நாளாக உருளைக் கட்டையை (பலகையின் குழிகளில் அளவு பார்த்துப் பொருத்தும் மர உருளைகள்) தவிர எதையும் எடுப்பதில்லை. இருவரையும் மாற்ற வேண்டுமா?
– புதிய ஆசிரியை, கோவை

பெண்ணை விட்டுவிடுங்கள். 1907 ஜனவரியில் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் மாண்டிசோரி முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். இதே உருளைப் பலகையில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி 40 முறைக்கும் மேல் கழற்றி மாட்டியதைப் பார்த்து அவர் எழுதிவைத்திருக்கிறார். சுற்றிலும் பாட்டுப் பாடவைத்தும், நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தும் அவள் நிறுத்தவில்லை. போதும் என்று தோன்றியபோது தானே நிறுத்தினாள். உங்கள் மாணவி எடுக்கும்போது எப்படி இருக்கிறாள் என்று மட்டும் பாருங்கள். கண் கட்டையில் இருந்தால், வேகம் கூடினால், கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தால், வேலை நடந்துகொண்டிருக்கிறது. கண் வாசலில் இருந்து, கை மட்டும் அசைந்தால், அது ஒளிந்துகொள்ளும் இடம். அப்போதும் உருளையைப் பிடுங்காதீர்கள். இரண்டு பலகையை ஒன்றாக வைத்து 20 உருளையையும் கலந்து காட்டுங்கள். தெரிந்த இடத்திலிருந்தே அடுத்த படிக்கு வருவாள்.

பையன் விஷயம் வேறு. கோபுரத்தின் 10 கட்டைகளும் 1 செ.மீ.யிலிருந்து 10 செ.மீ.வரை ஒவ்வொரு செ.மீ.யாக வளர்பவை. நிறம், பொருள் எல்லாம் ஒன்றே. அளவு மட்டுமே மாறும். அந்த ஒரு வேறுபாட்டைக் கண்ணும் கையும் பிடிக்கத்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. காராக ஓட்டினால் முனை மழுங்கும், 1 செ.மீ. கட்டை அலமாரிக்கடியில் போய்விடும். அது போனால் கோபுரமே போச்சு. பக்கத்தில் போய், "இதை இன்னொரு நாள் சேர்ந்து கட்டலாம், இப்போ எடுத்து வைக்கலாம் வா" என்று சொல்லி எடுத்துவைத்துவிட்டு, உடனே கார் ஓட்ட வேறு மரக்கட்டைகளையோ வெளி மைதானத்தையோ காட்டுங்கள். ஓட வேண்டும் என்ற அவன் தேவை உண்மையானது. மூன்று வயதுக் குழந்தைக்குக் காலையில் முதல் வேலையாகக் கனமானதைத் தூக்கவோ தள்ளவோ கொடுத்தால் பெரும்பாலும் கை அடங்கும்: பாதி நிரம்பிய வாளியில் செடிக்குத் தண்ணீர் கொண்டுபோவது, பாய்களை அடுக்குவது.

இன்னொன்று. மூழ்கியிருக்கும் குழந்தையைப் பார்த்து "சூப்பர்டா கண்ணா!" என்று சொல்லாதீர்கள். தலை நிமிரும், வேலை நின்றுவிடும். அடுத்த முறையிலிருந்து கட்டையைப் பார்ப்பதைவிட உங்கள் முகத்தைத்தான் அதிகம் பார்க்கும்.

மகன் எதையும் இடது கையாலேயே செய்கிறான். பள்ளியில் வலது கைக்கு மாற்றச் சொல்கிறார்கள்.
– மதுரை

மாற்ற வேண்டாம். ஜாடியின் பிடி அவனுக்கு இடப்பக்கம் வரும்படி தட்டை வைக்கச் சொல்லுங்கள், செய்துகாட்டும்போதும் இடது கையால் காட்டச் சொல்லுங்கள். இடது கைக் கத்தரிக்கோல் கடைகளில் கிடைக்கிறது. வலது கைக் கத்தரியை அவனிடம் கொடுத்தால் தாள் வெட்டுப்படாமல் மடங்கும், பிழை அவனுடையது என்று நினைத்துக்கொள்வான். சாப்பிடுவது வலது கையால் என்பது உங்கள் வீட்டு வழக்கம் என்றால் அதை மட்டும் தனியாகப் பழக்கலாம். எழுதும் கையைத் தொடாதீர்கள்.

வீட்டில் பல்லாங்குழி இருக்கிறது. 3 வயதுப் பேத்திக்கு அதை வைத்து எண் சொல்லிக்கொடுக்கலாமா?
– ஒரு பாட்டி, காரைக்குடி

தாராளமாக. 14 குழியில் ஆட்டம் ஆட வேண்டாம். ஆட்டம் ஆறு வயதுக்கு மேல். இப்போதைக்கு ஒரு குழிக்கு ஒரு சோழி என்று போட்டுக்கொண்டே போகட்டும். ஒன்றுக்கு ஒன்று என்று கை போவதும் வாய் எண்ணுவதும் சேர்ந்து நடப்பதுதான் எண்ணின் அஸ்திவாரம். 20 வரை கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளை, நாலு சோழி எடு என்றால் ஒரு கை அள்ளித் தருவது இந்த அஸ்திவாரம் இல்லாததால்தான்.

ஆனால் பெட்டியில் குன்றிமணி இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். சிவப்பும் கருப்புமாக அழகாக இருக்கும், பிள்ளைகள் கை அதற்குத்தான் போகும். மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான விஷம் அதில் இருக்கிறது. மென்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். சோழி, புளியங்கொட்டை ஆனாலும் பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும் வயது இது. போட்டுக்கொண்டால் வீட்டில் ஊக்கால் எடுக்க முயல வேண்டாம், இன்னும் உள்ளேதான் போகும், நேராக மருத்துவமனை. விளையாடி முடித்ததும் பேத்தியையே எண்ணிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். ஒன்று குறைந்தால் அப்போதே தெரிந்துவிடும்.